வெள்ளி விழாவுக்கு அந்தமான்: அமாவாசையைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

எங்கள் கல்யாணம் 1999 ஆனி மாதம். இருபத்தைந்து வருடம் நிறைந்தது 2024 ஜூனில். அதைக் கொண்டாட நாங்கள் அந்தமானுக்குப் போனது 2025 பிப்ரவரி கடைசி வாரத்தில். எட்டு மாதம் காத்திருந்துதான் போனோம். கல்யாண நாளுக்குத் தீவுக்குப் போக நினைக்கும் யார் என்னிடம் கேட்டாலும் இதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்: பயண நாளை உங்கள் காலண்டர் முடிவு செய்யக் கூடாது, கடல் முடிவு செய்ய வேண்டும்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் பெரும்பாலானவை வைகாசி, ஆனி, ஆவணியில் வரும். அந்த மாதங்களில் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை. மே பாதிக்கு மேல் தொடங்கினால் செப்டம்பர் வரை விடாது. அங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. மழையை நின்று ரசிக்கலாம் என்பவர்களும் தீவுக்குத் தீவு போகும் கப்பல் ரத்தாவதை யோசிக்க வேண்டும். கடலும் கலங்கிப்போய், தண்ணீருக்குள் பார்க்க ஒன்றும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையிலும் வங்கக் கடல் நம்பக்கூடிய கடல் இல்லை. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டி வந்தன.

தை, மாசி, பங்குனி, இந்த மூன்றும்தான் நல்ல மாதங்கள். தை முகூர்த்தத்தில் கல்யாணமானவர்களுக்கு எல்லாம் தானாகவே பொருந்திவிடும். மற்றவர்கள் முன்னாலோ பின்னாலோ தள்ளிக்கொள்ளுங்கள். நான் முதலில் 2024 பிப்ரவரிக்குத்தான் யோசித்தேன். என் மாமியார், "நாள் நிறையறதுக்கு முன்னாடி கொண்டாட வேண்டாம்மா" என்றார். அவர் சொன்னதை மீற எனக்கு மனமில்லை. அதனால் அடுத்த மாசி. கல்யாண நாளன்று வீட்டில் பாயசம் வைத்துக் கோயிலுக்குப் போனோம். அதுவும் நன்றாகவே இருந்தது.

மாதம் முடிவானதும் திதியைப் பாருங்கள். தேனிலவு என்றதும் பௌர்ணமியைத் தேடத் தோன்றும். நான் அமாவாசையைத்தான் சொல்வேன். ஹேவ்லாக்கில் அலையாத்திக் காடுகளை ஒட்டிய நீரில் இரவு நேரத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் கூட்டிப்போகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள், தண்ணீர் கலைந்தால் நீல வெளிச்சம் விடும். நிலவு இருந்தால் அது தெரியாது. 2025 பிப்ரவரி 27 அமாவாசை. நாங்கள் கயாக்கில் போனது அதற்கு முந்தைய இரவு. துடுப்பு விழும் இடமெல்லாம் வெளிச்சம் தெறித்தது. இவர் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அமாவாசையில் இன்னொரு நன்மையும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நடந்துபோக அந்த வற்றம் தேவை.

எத்தனை நாள், எங்கெங்கே

ஆறு இரவு வையுங்கள். விமானம் இறங்கும் தலைநகர் போர்ட் பிளேரில் ஒன்று, ஹேவ்லாக்கில் மூன்று, நீலில் ஒன்று, கடைசியாக மறுபடி போர்ட் பிளேரில் ஒன்று. அந்தக் கடைசி இரவை யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். தீவிலிருந்து காலைக் கப்பலில் வந்து அதே நாள் விமானம் ஏறலாம் என்று சிலர் திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு கப்பல் ரத்தானால் விமானம் போச்சு.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. 2018 இறுதியில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் இன்னொரு பெயர் வரும். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே பழைய பெயர்களையே எழுதுகிறேன், அங்கே பேச்சில் அவைதான் புழங்குகின்றன.

ஐந்து நாளில் எட்டு இடம் என்று வரும் தொகுப்புச் சுற்றுலாவை வாங்காதீர்கள். அதில் பாராடாங் சுண்ணாம்புக் குகை கட்டாயம் இருக்கும். அதற்கு இருட்டில் எழுந்து, ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியாக வண்டி வரிசையில் போக வேண்டும். வழியில் நிறுத்தக் கூடாது, அவர்களைப் படம் எடுப்பது குற்றம். அவர்கள் வீட்டு முற்றத்தின் வழியாகப் போய் ஒரு குகையைப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். அந்த நாள் ஹேவ்லாக்குக்குப் போனது.

முதலில் விமானம், பிறகு கப்பல், அதற்கும் பிறகுதான் விடுதி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தியக் குடிமக்களுக்கு ஹேவ்லாக், நீல் போகத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். ஆனால் கப்பல் ஏற அடையாள அட்டை கேட்பார்கள். டிக்கெட்டுகளைப் படமாக போனில் சேமித்துவிடுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ மேல் என்கிறார்கள். இருந்தும் ஹேவ்லாக்கில் என் போன் பல இடங்களில் சும்மாதான் கிடந்தது. ஆகவே கையில் ரொக்கமும் இருக்கட்டும்.

கப்பல் பயணம்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தனியார் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். குளிர்சாதனம் உண்டு, ஆனால் பெரும்பாலும் உள்ளேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அரசுக் கப்பலுக்கு அதைவிட ஒரு மணி நேரம் கூட ஆகும், கட்டணம் மிகக் குறைவு, மேல்தளத்தில் காற்றோடு நிற்கலாம். போகும்போது தனியார், திரும்பும்போது அரசுக் கப்பல் என்று வைத்துக்கொண்டோம். அது சரியாகவே இருந்தது.

இவருக்குப் பேருந்திலேயே தலை சுற்றும். குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பல் கிளம்பிய பிறகு போட்டால் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தினமும் மருந்து சாப்பிடுபவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. போனைப் பார்க்காமல் தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தாக்குப்பிடித்துவிட்டார்.

தாலிக்கொடி

வேறு எங்கும் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் இது. அலை அடிக்கும் கடலில் தாலிச் சங்கிலியோடு இறங்காதீர்கள். நீரில் விரல் சுருங்கினால் மோதிரமும் கழன்றுவிடும். அதைக் கடலடி மணலில் தேட முடியாது. நான் கிளம்புவதற்கு முன்பு நல்ல நாள் பார்த்துத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டேன். சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாம் வீட்டு லாக்கரில். கழுத்தில் கயிறு மட்டும் கிடந்தபோது கல்யாணமான புதிதில் இருந்தது போலவே இருந்தது. இவரும் அதைக் கவனித்துச் சொன்னார்.

உடை விஷயத்தில் கூச்சப்பட வேண்டாம். முழுக்கை உள்ள நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை வரும் லெகிங்ஸும் போதும். வெயிலுக்கும் அதுவே பாதுகாப்பு. பருத்திச் சுடிதாரோ சேலையோ நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், அது ஆபத்து. பவளத் துண்டுகள் காலைக் கீறும் என்பதால் தண்ணீரில் நடக்க ரப்பர் செருப்பு இருவருக்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு விடியும் ஊர்

அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. கடிகாரம் மட்டும் நம்முடையது. பிப்ரவரியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது, மாலை ஐந்தரைக்கு மறைந்துவிடுகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கே அஸ்தமனம். ஊரில் எழுந்திருப்பது போல ஏழரைக்கு எழுந்து, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்பினால் நாளின் நல்ல பகுதி போயிருக்கும். நாங்கள் நாலே முக்காலுக்கு அலாரம் வைத்தோம்.

ஹேவ்லாக்கில் ஒரு வசதி, கிழக்குப் பார்த்த கரையும் உண்டு, மேற்குப் பார்த்த கரையும் உண்டு. விடியலுக்குக் காலாபத்தர் கடற்கரைக்கோ விஜய்நகர் கரைக்கோ போங்கள். மாலைக்கு ராதாநகர். அங்கே ஊர்களை எண்ணால்தான் சொல்வார்கள். விஜய்நகர் ஐந்தாம் நம்பர், ராதாநகர் ஏழாம் நம்பர். கப்பல் துறையிலிருந்து ராதாநகருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வாடகை ஸ்கூட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் ஆனது. ஓட்டுநர் உரிமத்தின் அசலைக் கொண்டுபோங்கள், ஹெல்மெட் இரண்டு கேட்டு வாங்குங்கள். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வளைந்து போகும் அந்தச் சாலையில் இவர் பின்னால் உட்கார்ந்து போனேன். பிள்ளைகள் பிறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் இரு சக்கர வண்டியில் போன நாட்களை எண்ணிவிடலாம்.

ராதாநகர், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2020-ல் பெற்ற கரை. 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. அதெல்லாம் இல்லாவிட்டாலும் அந்தக் கரை அப்படியேதான் இருந்திருக்கும்: ஓங்கிய காடு, அது முடியும் இடத்தில் வெள்ளை மணல், உடனே கடல். நாலு மணிக்குப் போய்விடுங்கள். குளிக்கக் குறித்து வைத்திருக்கும் பகுதிக்குள் மட்டும் குளியுங்கள். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-ல் இந்தக் கரைக்குப் பக்கத்திலேயே கடலில் இருந்த ஒரு பயணியை முதலை கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில், ஓடை கடலில் கலக்கும் இடத்தில் காலைக்கூட நனைக்காதீர்கள். இருட்டத் தொடங்கியதும் விசில் அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஆறு மணிக்குக் கும்மிருட்டு. தூங்கப் பத்து மணி ஆகும். இந்த நாலு மணி நேரம்தான் முழுப் பயணத்திலும் முக்கியமானது, அதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை. நாங்களும் முதல் நாள் பணம் கட்டி, கடற்கரையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவுச் சாப்பாடு ஏற்பாடு செய்தோம். காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. மணல் ஈக்கள் காலைக் கடித்துத் தடிப்பாக்கிவிட்டன. சாப்பாடு ஆறிப்போய் வந்தது. அந்தப் பணத்தில் இன்னொரு இரவு கயாக் போயிருக்கலாம்.

இரண்டாம் நாள் மாலை நான் பெட்டியிலிருந்து எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்தேன். இவருக்குச் சொல்லாமல்தான் எடுத்து வந்திருந்தேன். நீல அட்டை போட்ட நீள நோட்டு, இவருடைய சித்தப்பா கையெழுத்து. திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தோம். 51 ரூபாய், 101 ரூபாய், ஒரு குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யாருக்கு நாம் திருப்பிச் செய்யவே இல்லை. எழுதிய சித்தப்பாவே இப்போது இல்லை. ஒன்பதரை ஆனது தெரியவில்லை. அடுத்த நாளும் மிச்சப் பக்கங்கள். உங்கள் வீட்டில் மொய் நோட்டு இல்லாவிட்டால் பழைய கடிதம், கல்யாண ஆல்பம், பத்திரிகை, ஏதாவது ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். போனில் எடுத்த படம் வேண்டாம், தொட்டுப் புரட்டுகிற பொருளாக இருக்கட்டும். நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள்.

கடலுக்குள்

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போவதுதான் ஸ்கூபா. நீச்சல் தெரியாவிட்டாலும் ஹேவ்லாக்கில் அதில் முதல் முழுக்குப் போடலாம். ஆளுக்கொரு பயிற்சியாளர், பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வருவார். பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். ஆரம்பக்காரர்களுக்கு அதில் பாதி ஆழம்தான். முன்னதாக உடல்நலப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். அதில் உண்மையை எழுதுங்கள். எனக்கு வீசிங் உண்டு, எழுதினேன், அனுமதிக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கடலுக்கடியில் மூச்சு அடைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் நான். இதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் கேட்கவே வேண்டாம், கூடாது.

நீச்சல் தெரியாத இவர் இறங்கினார், நீச்சல் தெரிந்த நான் படகில் உட்கார்ந்திருந்தேன். தம்பதியாகப் போகிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்பதில்லை. மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு, "கீழ ஒரு சத்தமும் இல்ல. என் மூச்சு மட்டுந்தான் கேட்டுச்சு" என்றார். அன்று முழுக்க அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் மதியம் எலிஃபன்ட் கடற்கரையில் மிதவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆழமில்லாத நீரில் பவளங்களைப் பார்த்தேன். மூச்சு முட்டாத அளவுக்கு அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முழுக்குப் போடுபவர்கள் மூன்றை நினைவில் வையுங்கள். கீழே இறங்க இறங்கக் காது அடைக்கும், வலி வரும் முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். 'நன்றாக இருக்கிறேன்' என்பதற்கு விரல்களை வளையமாக்கிக் காட்ட வேண்டும். ஒரு முழுக்குக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த அவகாசம் வேண்டும். அதனால் ஸ்கூபாவைப் பயணத்தின் நடுவில் வையுங்கள்.

பவளமோ சிப்பியோ ஒரு துண்டுகூட எடுத்து வராதீர்கள். பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிப்பார்கள். சிப்பிப் பொருள் ஏதாவது வேண்டுமென்றால் போர்ட் பிளேரில் சாகரிகா என்ற அரசுக் கடையில் ரசீதோடு வாங்கலாம்.

நீலும் கடைசி நாளும்

நீல் சிறிய தீவு, அமைதியானது. லக்ஷ்மண்பூர், பரத்பூர், சீதாபூர் என்று கரைகளுக்கெல்லாம் இராமாயணப் பெயர்கள். விடுதிக்குப் போனதும் முதல் வேலையாகக் கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று கேளுங்கள். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே நேற்று வந்தவர் சொன்ன மணி இன்றைக்கு ஆகாது. பாறைப் பாலத்துக்குப் போகும் வழி வழுக்கும். கைப்பிடித்துக்கொண்டு போங்கள், தண்ணீர் ஏறத் தொடங்குவதற்கு முன் திரும்பிவிடுங்கள். பாறைக் குட்டைகளில் கடல் அட்டைகளும் சின்ன மீன்களும் கிடந்தன. எதையும் கையில் எடுக்க வேண்டாம்.

போர்ட் பிளேரில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆட்டோவில் ஏறியதும் "எந்த ஊரு, அக்கா?" என்று கேட்டவர் பிறந்ததே அங்கேதான். செல்லுலார் சிறைக்கு முதல் நாளே போய்விடுங்கள். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்து, விடுதலைப் போராட்ட வீரர்களை அடைத்து வைத்த சிறை அது. ஏழு பிரிவுகளில் இப்போது மூன்றுதான் மிச்சம். அதைப் பார்த்த மாலை இருவருக்கும் பேச்சு வராது, அந்த இரவில் வேறு ஏற்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மிச்சமாக வைத்த கடைசி நாள் எங்களுக்குத் தேவைப்படவில்லை. கடல் அமைதியாக இருந்தது, கப்பல் நேரத்துக்கு வந்தது. காலையில் வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனோம். ஈரத் துணிகளை அலசி விடுதி மொட்டை மாடியில் காயப் போட்டோம். மதியம் நன்றாகத் தூங்கினோம். சாயங்காலம் சிடியா தாபு கடற்கரைக்கு ஆட்டோ பேசிக்கொண்டு போய், ஐந்தரைக்குச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வந்து பெட்டியைக் கட்டினோம்.